செங்கல் டேப்பைத் தேர்ந்தெடுத்த சிட்டு

“என் பொண்ணுக்கு முதல் பல் முளைக்கிறதுக்கு முன்னாடியே, நாட்டோட நூறு வருஷ மழையை எந்த டேப்ல பத்திரப்படுத்தணும்னு அவதான் முடிவு பண்ணிக் குடுத்தா. அதுவும் தூக்கத்துல.”

ரீல் இதைச் சொல்லி முடித்ததும் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு சாட்சிக்காக அவர் மனைவியைப் பார்ப்பார்கள். “அப்ப எனக்குப் பகல் டியூட்டி. நான் எதையும் பார்க்கலை” என்று நர்ஸம்மா கையைக் கழுவிவிடுவார். கடைசியில் எல்லாக் கண்களும் மகள் பக்கம் திரும்பும்.

“நான் தூங்கிட்டு இருந்தேனாம்,” என்பாள் மகள். “ஒரே சாட்சி, அதுவும் தூங்கிட்டிருந்த சாட்சி. எவ்வளவு வசதி பாருங்க எங்கப்பாவுக்கு!”

இதில் ரீலுக்குத் தாங்க முடியாத வருத்தம் ஒன்று உண்டு. அவர் வாழ்நாளில் சொன்ன கதைகளை அடுக்கி வைத்தால் மேலே ஏணி போட்டு நிலாவில் இறங்கலாம். எல்லாவற்றையும் ஜனங்கள் ஏறக்குறைய நம்பியிருக்கிறார்கள். டேப் அறை ஏசியின் குளிரில் ஓர் ஈ வந்து ஸ்வெட்டர் கேட்டது என்றார், “அப்புறம்?” என்று கேட்டார்கள். டேப் தூக்கித் தூக்கி வலது கை நீண்டுவிட்டதால் தையல்காரர் ஒரே சட்டைக்கு இரண்டு அளவு எடுக்கிறார் என்றார், கையை எட்டிப் பார்த்தார்கள். கலப்படமே இல்லாமல் அவர் சொன்ன நிஜம் இந்த ஒன்றுதான். அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. ஊர் நம்பாவிட்டால் போகட்டும், சம்பந்தப்பட்டவளே நம்ப மாட்டேன் என்கிறாளே!

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். மழை அளவு அலுவலகத்தின் டேப் அறையில் அவருக்கு வேலை. அந்தக் காலத்து கம்ப்யூட்டர் டேப் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்ட ரீலில் சுற்றி வரும். காலையில் ரீல் மாட்டுவார், மாலையில் ரீல் கழற்றுவார், இடைப்பட்ட நேரம் முழுக்க ரீல் விடுவார். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு வேறு பெயர் எப்படி ஒட்டும்?

அந்த வட்ட ரீல்களுக்கு வயதாகிவிட்டதென்று ஒரு வருஷம் அலுவலகம் விழித்துக்கொண்டது. நூறு வருஷமாக ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு மழை பெய்ததென்று தாத்தா காலத்து ஆட்கள் அளந்து வைத்தது, டைப்பிஸ்டுகள் கண் வலிக்க ஏற்றியது, எல்லாம் அந்த ரீல்களில் இருந்தது. இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்குகிற மாதிரி புது டேப்புக்கு மாற்றியாக வேண்டும். காகிதமெல்லாம் அதற்குள் கரையான் வயிற்றில் சேமிப்பாகியிருந்தது. டேப் போனால் மழை போச்சு.

போட்டிக்கு இரண்டு டேப் வந்தது.

ஒன்று பாக்கெட் டேப். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, பளபளப்பு. அதை ஓட்டும் பெட்டியான டிரைவுக்குள் ஒரு குட்டி உருளை பம்பரமாகச் சுழன்று, டேப்பின் மேல் சாய்வாகச் சாய்வாக எழுதிக்கொண்டே போகும். விற்க வந்தவர் கூட்டத்தின் நடுவே எழுந்து, சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, “உங்க நூறு வருஷ மழை இதுல பாதி இடத்துக்குக்கூட வராது” என்றார். எல்லோரும் மயங்கிவிட்டார்கள். இயக்குநர் மேடம் அதைக் கையில் வாங்கிப் பூ மாதிரி பார்த்தார்.

இன்னொன்று கறுப்பாக, சதுரமாக, கனமாக இருந்தது. மேஜை மேல் வைத்தபோது ‘தொம்’ என்றது. அந்த நிமிஷமே அதற்குச் செங்கல் என்று பெயர் விழுந்தது. அதில் டேப் நேராக ஓடும். கடைசிவரை போய், திரும்பி, பக்கத்து வரியில் வரும். தறியில் நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வருவது மாதிரி.

ரீலுக்குச் செங்கலைத்தான் பிடித்தது. “ஏன்?” என்று மேடம் கேட்டார்.

“பையில போடற பொருள் பையோட துவைக்கப் போயிடும், மேடம்.”

“இது தொழில்நுட்பக் காரணமா, ரீல் சார்?”

“அனுபவக் காரணம், மேடம். போன வாரம் என் பஸ் பாஸ் போச்சு.”

கூட்டம் சிரித்துக் கலைந்தது. ஆனாலும் மேடம் நியாயஸ்தர். இரண்டு கம்பெனியிடமும் இரண்டிரண்டு டிரைவ் இரவல் வாங்கி, மாதக் கடைசிக்குள் சோதித்துச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு டிரைவிலும் டேப் போட்டு எழுத வேண்டும், திருப்பிப் படிக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும். இரண்டு விதமும் சமமான நேரம் ஓட வேண்டும்.

அந்த வாரம்தான் ரீல் காலை உடைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் அறைத் தரையில் பலகைகளைக் கழற்றி மாட்டலாம். கீழே கேபிள் ஓடும். பலகையைத் திறந்து வைத்தவரும் அவரே, திறந்ததை மறந்து அதில் விழுந்தவரும் அவரே. பள்ளம் முழங்கால் ஆழம். பிற்காலத்தில் அவர் சொல்லச் சொல்ல அது கிணறாகி, கடைசியாகக் கேட்டபோது அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இடுப்பு வரை மாவுக்கட்டு. வேலையை நிறுத்த முடியாதே என்று மேடம் ஒரு ஜோடி டிரைவை, ஒரு செங்கலும் ஒரு பாக்கெட்டுமாக, கம்ப்யூட்டரோடு வேனில் ஏற்றி அவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். இன்னொரு ஜோடி அலுவலகத்தில் ஓடியது. வேன்காரர் அத்தனையையும் கூடத்து மேஜையில் இறக்கிவிட்டு, “அண்ணே, கால் உடைஞ்சா லீவு குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஆபீஸையே குடுத்தனுப்புறதை இப்பத்தான் பார்க்கறேன்” என்றார்.

நர்ஸம்மா காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பால் புட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, “ஏங்க, அவளைத் தூக்கிட்டு நடந்தாத்தான் தூங்குவா. நீங்க நடக்க முடியாது. கடவுள்தான் உங்களைக் காப்பாத்தணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டிலில் ஆறு மாசச் சிட்டு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அது அழுகையா? மாவுக்கட்டில் விரிசல் விட்டது. தெருக்கோடி நாய்கள் குடும்பத்தோடு வேறு பேட்டைக்குக் குடிபோயின. தபால்காரர் எதிர்வீட்டுத் தபாலைத் தெருமுனையிலிருந்தே வீசிவிட்டு ஓடினார். ரீல் விசிலடித்தார், கிலுகிலுப்பை ஆட்டினார், தன் புகழ்பெற்ற ஈ கதையைச் சொன்னார். ஒன்றும் எடுபடவில்லை. வேலையாவது நடக்கட்டும் என்று ஊன்றுகோலால் எட்டிச் செங்கலை டிரைவுக்குள் தள்ளினார். ‘க்ளக்’ என்று விழுங்கி, டேப் ஓட ஆரம்பித்தது. ம்ம்ம்ம்ம் என்று அந்தக் கோடி வரை ஒரு சுருதி. சின்ன மூச்சு. ம்ம்ம்ம்ம் என்று இந்தக் கோடி வரை இன்னொரு சுருதி.

சிட்டு பாதி அழுகையில் நிறுத்தினாள். திறந்த வாய் திறந்தபடியே இருக்க, கண் சொருகியது.

டேப் முடிந்து டிரைவ் நின்றது. உதடு பிதுங்கியது, நெஞ்சு ஏறியது, அடுத்த நொடி வீடு அதிர்ந்தது. ரீல் அவசரமாக ஊன்றுகோலை நீட்டி மறுபடி ஓட்டினார். அமைதி.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பகலெல்லாம் டேப் ஓடியது. டிரைவின் மூடி இளஞ்சூடாக இருந்ததால் பால் புட்டியை அதன் மேல் வைப்பார். சூடான பிளாஸ்டிக் வாசனையும் பால் வாசனையும் குழந்தைப் பவுடர் வாசனையும் கலந்து கூடத்தில் நிற்கும். ஜன்னல் வெயில் தொட்டிலைத் தாண்டி டிரைவின் பச்சை விளக்கு வரை வரும். வேலை என்பது இதுதானென்றால் இன்னொரு காலையும் உடைத்துக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியதுண்டு. இன்றைக்கும் அந்த வாசனையை நினைத்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அவர் பேச்சை நிறுத்துவதென்றால் சும்மாவா?

பாக்கெட் டிரைவின் சத்தம் காதோரக் கொசு மாதிரி இருக்கும். அதற்கும் சிட்டு அரை மனதாகத் தூங்குவாள். ஏதாவது ஓடினால் சரி, நிற்கக் கூடாது என்பது அவள் சட்டம். இரண்டு டேப்பும் எழுதின, படித்தன, பிழை இல்லை என்று காட்டின. அலுவலகத்திலும் அதே முடிவு. எல்லாம் சமமென்றால் பளபளப்பானதுதானே ஜெயிக்கும்? பாக்கெட் டேப்புக்கு ஆர்டர் தயாராகிக்கொண்டிருந்தது.

சிக்கல் என்னவென்றால், ஒரே டேப்பை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அது தேய்ந்து சோதனை கெட்டுப்போகும். புது டேப்பும் கைவசம் இல்லை. ரீல் வேன்காரருக்குப் போன் செய்தார்.

“தம்பி, ஆபீஸ்ல எழுதி முடிச்ச டேப் கிடக்குமில்ல? அள்ளிட்டு வா.”

“எழுதினதை வெச்சு என்னண்ணே பண்ணுவீங்க?”

“படிக்க விடுவேன். ஓடினாப் போதும், என் பொண்ணு தூங்குவா.”

வேன்காரர் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அலுவலகத்தில் எழுதிய செங்கல்களை வீட்டு டிரைவ் விழுங்கி விழுங்கிப் படித்தது. சிட்டு ஆனந்த சயனம். மறுநாள், செங்கலை மட்டுமே ஓட்டினால் மேடம் கேட்பாரே என்று, அலுவலகத்துப் பாக்கெட் டேப் ஒன்றைப் போட்டார். கொசு கொஞ்சம் பாடியது. திணறியது. கிட்கிட் என்று எதையோ தேடியது. நின்றது.

வீடு அதிர்ந்தது.

அடுத்ததைப் போட்டார். தேடல், அமைதி, அலறல். இன்னொன்று. அதே கதை. பையிலிருந்த அத்தனையும் போட்டுப் பார்த்தார். எதுவும் படிக்கவில்லை. வீட்டில் எழுதிய பாக்கெட் டேப்பைப் போட்டால் மட்டும் கொசு ஒழுங்காகப் பாடியது, சிட்டுவும் அடங்கினாள்.

நர்ஸம்மா சாயங்காலம் வரும்போது அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் களைத்துக் கிடந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே நர்ஸம்மா தன் புலம்பலை ஆரம்பித்தார். “புதுசா ஒரு டாக்டர் வந்திருக்காருங்க. எழுத்தா அது? சாஞ்சு சாஞ்சு போகுது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டா அவர் கடகடன்னு படிக்கறார். வேற யாராலயும் முடியலை. அவர் லீவு போட்டா நோயாளி கதி என்ன?”

ரீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாவுக்கட்டு அனுமதித்திருந்தால் குதித்தே இருப்பார்.

“இன்னொரு தடவை சொல்லு.”

“எதை?”

“அவர் எழுதினதை அவர் மட்டும்தான் படிப்பார். அதைச் சொல்லு!”

சாய்வாக எழுதுகிற டிரைவ். இதன் சாய்வு ஒரு மயிரிழை, அதன் சாய்வு வேறொரு மயிரிழை. தான் எழுதியதைத் தானே படிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். அத்தனை நாளும் அந்த டிரைவ்கள் தானே கேள்வித்தாள் எழுதி, தானே பதில் எழுதி, தானே திருத்தி, தனக்குத்தானே முழு மார்க் போட்டுக்கொண்டிருந்தன. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களும் ரீலும் சேர்ந்து உட்கார்ந்து போட்ட சோதனைத் திட்டம் அது. ஓரிடத்தில் எழுதி இன்னோரிடத்தில் படித்துப் பார்க்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்த டிரைவ் ஒரு நாள் பழுதானால், அது எழுதிய நூறு வருஷ மழையை உலகத்தில் வேறெதுவும் படிக்காது.

காலையில் முதல் வேலையாக மேடத்துக்குப் போன் போட்டார். வீட்டில் எழுதிய பாக்கெட் டேப்பை வேனில் அனுப்பி அலுவலகத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். படிக்கவில்லை. செங்கலைப் போட்டார்கள். படித்தது.

“பெரிய ஆபத்துலேருந்து தப்பிச்சோம்,” என்றார் மேடம். குரலே மாறியிருந்தது. “யார் சார் இதைக் கண்டுபிடிச்சது?”

“சிட்டு, மேடம்.”

“யார் சிட்டு? எந்த செக்‌ஷன்?”

“என் பொண்ணு. ஆறு மாசம்.”



“ரீல் சார், காலுக்கு என்ன மாத்திரை குடுக்கறாங்க?”

அவ்வளவுதான். ‘விரிவான தொழில்நுட்பச் சோதனையின் அடிப்படையில்’ செங்கல் தேர்வானது. நூறு வருஷ மழை அதில் ஏறியது. சிட்டுவின் பங்கு ரீலின் வாயில் மட்டும் தங்கியது. அந்த வாயில் தங்கியதற்கு என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் கிடைத்தது.

சிட்டு வளர்ந்தாள். அதே அலுவலகத்தில், அதே படியேறி, அப்பாவைவிட நாலு நாற்காலி உயரமான பதவிக்குப் போனாள். நூறு வருஷ மழை இப்போது அவள் பொறுப்பு. ஆனால் தூக்கம் மட்டும் அவளோடு டூ விட்டது விட்டதுதான். சூடான பால், கண்ணுக்குத் துணி, காதுக்குப் பஞ்சு, நர்ஸம்மாவின் அத்தனை வைத்தியம், எதற்கும் மசியவில்லை. “தூங்கறதுக்கு ஒரு செங்கல் வாங்கித் தரட்டுமா?” என்று ரீல் கேட்பார். “அப்பா, போதும். விடாதீங்க” என்பாள். எதை விடக் கூடாது என்பதை அவள் சொல்லத் தேவையில்லை.

போன மாதம் அந்த அலுவலகத்தில் மறுபடி டேப் தேர்வு வந்தது. செங்கலின் பேரன் ஒருவன் போட்டியில் இருக்கிறான். பல கம்பெனிகள் செய்கிற டேப். எதிரில் ஒரே ஒரு கம்பெனி மட்டும் செய்கிற டேப், இன்னும் வேகம், இன்னும் பளபளப்பு. பழைய செங்கலில் இருக்கும் மழை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம் என்றாள் சிட்டு. காரணம் இருந்தது. இடையில் கம்ப்யூட்டர்கள் மாறியபோது தினக் கணக்கு மட்டும்தான் புது இடத்துக்குப் போனது. ஒவ்வொரு மணி நேரத்து மழையும் அந்தப் பழைய செங்கலில் மட்டுமே இருக்கிறது. படிக்காவிட்டால் நூறு வருஷ மழை தன் கையில் வந்து செத்தது என்று ஆகிவிடும். ஒரு வாரமாக அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு.

“நானும் வரேன்,” என்றார் ரீல்.

“வாங்க. ஆனா அங்க வந்து யார்கிட்டயும் அந்தக் கதையைச் சொல்லக் கூடாது.”

“எந்தக் கதை?” என்று கேட்டுவிட்டு, அலுவலக வாசலில் காவலாளியிடமே முதலில் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் அறையில் பெரிய மீசைப் பொறியாளர் ஒருவர் பழைய செங்கல் டிரைவ் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வைத்திருந்தார். “இந்த டேப்பை எழுதின டிரைவ் எல்லாம் எப்பவோ போயிடுச்சு, மேடம். இது வேற. படிக்குமோ என்னவோ” என்றார் சிட்டுவிடம்.

“செங்கல்னா படிக்கும்,” என்றார் ரீல். சொன்னாரே தவிர, ஊன்றுகோலை ஊன்றி டிரைவுக்கு இன்னும் ஓரடி பக்கத்தில் போனார். அந்தக் காலத்து உடைந்த கால்தான் இப்போது ஊன்றுகோல் கேட்கிறது.

சிட்டு டிரைவுக்கு எதிரே நின்றாள். பொறியாளர் டேப்பைத் தள்ளினார். க்ளக். ஒரு தயக்கம்.

ம்ம்ம்ம்ம்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் எண்கள் ஏற ஆரம்பித்தன. அந்தக் கோடி வரை ஒரு சுருதி. சின்ன மூச்சு. இந்தக் கோடி வரை ஒரு சுருதி. சூடான பிளாஸ்டிக் வாசனை மெல்ல எழுந்தது. ரீல் கண்ணை மூடினார். பாலும் பவுடரும் மட்டும்தான் குறை.

“முழுசும் படிக்கணும். பாதியில நின்னாலும் பிரயோஜனம் இல்லை,” என்று சொல்லிக்கொண்டே சிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நீங்களும் உட்காருங்கப்பா, கால்…”

வாக்கியம் முடியவில்லை. ரீல் கண்ணைத் திறந்து பார்த்தார். கன்னம் மேஜை மேல், கை மடங்கி முகத்தடியில், வாய் லேசாகத் திறந்தபடி, நூறு வருஷ மழைக்குப் பொறுப்பான அதிகாரி தூங்கிக்கொண்டிருந்தாள். பொறியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மேட…” என்று ஆரம்பித்தவரின் மீசைக்கு நேரே ஊன்றுகோல் நீண்டது. ரீல் உதட்டில் விரல் வைத்தார்.

எவ்வளவு நேரம் ஓடியதென்று அவரைக் கேட்டால் ஒரு யுகம் என்பார். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கட்டடத்தின் சரித்திரத்தில் அது முதல் தடவை. குளிருமே என்று தன் மேல்துண்டை எடுத்து மகளின் தோளில் போட்டார். அவ்வளவுதான்.

டேப் நின்றது.

சிட்டுவின் உதடு பிதுங்கியது. நெஞ்சு ஏறியது. ரீல் பழக்க தோஷத்தில் காதைப் பொத்தத் தயாரானார். சடாரென்று தலை நிமிர்ந்து, “ஏன் நின்னுது? என்னாச்சு? எர்ரரா?” என்று அலறினாள்.

“முடிஞ்சுது, மேடம்,” என்றார் பொறியாளர். “கடைசி வரைக்கும் படிச்சிடுச்சு. ஒரு பிழை இல்லை.”

அவள் திரையைப் பார்த்தாள். மழை முழுசாக இருந்தது. சட்டைக் கையில் எச்சில் ஈரம் இருந்தது. தோளில் துண்டு. டிரைவைப் பார்த்தாள், அதன் மூடி மேல் கை வைத்தாள். இளஞ்சூடு. கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

“புது டேப் எதுவா இருந்தாலும்,” என்றாள் பொறியாளரிடம், “ஒரு டிரைவ்ல எழுதி வேற டிரைவ்ல படிச்சுக் காட்டச் சொல்லுங்க. எழுதின டிரைவே திருப்பிப் படிச்சா அதைக் கணக்குல சேர்க்க வேண்டாம்.”

“சரி, மேடம்.” பொறியாளர் மீசையைத் தடவினார். கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை. “மேடம், நீங்க வந்தாச்சுன்னு போன் பண்ணின வாசல் காவலாளி ஒரு கதை சொன்னாரு. நீங்க கைக்குழந்தையா இருந்தப்ப… அது சும்மா ரீல்தானே?”

ரீல் கூரையைப் பார்த்தார். அப்பாவித்தனமாக முகத்தை வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு பார்க்கச் சகிக்கவில்லை.

சிட்டு துண்டை மடித்து அப்பாவின் தோளில் போட்டாள்.

“இல்லை சார்,” என்றாள். “அது நடந்ததுதான்.”